சிப்பெவா நீர்த்தேக்கத்து மஸ்கி: மூழ்கிய ஆற்றைத் தேடி

வாசகர் கேள்வி, ஜூன் 3, 2024

மினியாபொலிசில் இருக்கிறேன். மினசோட்டாவின் இயற்கை ஏரிகளில் மஸ்கி என்ற பெரிய வேட்டை மீனைப் பிடித்திருக்கிறேன். சீசன் தொடங்கியதும் விஸ்கான்சினில் ஹேவர்டு பக்கம் உள்ள சிப்பெவா ஃபுளோவேஜ் நீர்த்தேக்கத்துக்குப் போய் மூன்று நாள் தூண்டில் வீசினேன். ஒரு மீன்கூடப் பின்னால் வரவில்லை. தண்ணீர் கறுப்பு. எங்கே பார்த்தாலும் தீவு. சில தீவுகள் இடம் மாறுகின்றன என்று விடுதியில் சொன்னார்கள். ஏரியில் செடி எங்கே முடிகிறது என்று பார்த்து வீசலாம். ஆற்றை மறித்துக் கட்டிய தேக்கத்தில் எதைப் பார்த்து வீசுவது? அங்கே மஸ்கி பிடிப்பது முழுக்க அதிர்ஷ்டம் என்பது என் முடிவு. மறுப்பவர்கள் காரணம் சொல்லுங்கள்.

ஜூன் 4, 2024

மறுக்கிறேன். காரணமும் சொல்கிறேன்.

நீங்கள் பார்த்தது 15,300 ஏக்கர் தண்ணீரின் மேல்பரப்பை. அது 1923ல் விண்டர் அணை கட்டப்பட்ட பிறகு வந்த தண்ணீர். அதற்கு முன்பு அங்கே சிப்பெவா ஆற்றின் கிழக்குக் கிளையும் மேற்குக் கிளையும் ஓடின. அவற்றை ஒட்டிச் சின்னதும் பெரியதுமாக ஏரிகள் கிடந்தன. அணை எழுந்ததும் எல்லாம் ஒரே நீர்ப்பரப்பாகிவிட்டன. ஆனால் பள்ளம் பள்ளமாகவும் மேடு மேடாகவுமே இருக்கிறது. ஆறு வளைந்த இடத்தில் இன்றும் வளைவு இருக்கிறது. வளைவின் வெளிக்கரை செங்குத்தாக இறங்குகிறது, உள்கரை சரிவாக ஏறுகிறது. ஆற்றங்கரையில் இருந்த குன்றுகள்தான் இன்று தீவுகளும் நீருக்கடியில் மறைந்த திட்டுகளும்.

மஸ்கி துரத்தித் தின்னும் மீன் அல்ல, மறைந்திருந்து பாயும் மீன். நம் ஊர்க் குளத்து விராலைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆழமும் ஆழமின்மையும் சந்திக்கும் விளிம்பு அதற்கு வேண்டும். ஒதுங்க நிழல் வேண்டும். பக்கத்திலேயே சிறுமீன் வேண்டும். இயற்கை ஏரியில் இந்த விளிம்பைச் செடிவரிசை காட்டிக்கொடுக்கும். தேக்கத்தில் அதை ஆற்றின் பழைய தடம் காட்டிக்கொடுக்கும். ஆழமானியை வைத்துக்கொண்டு தடத்தைப் பின்தொடருங்கள். தடம் ஒரு திட்டை உரசிக்கொண்டு போகும் இடம், பக்கக் கால்வாய் ஒன்று வந்து சேரும் இடம், வளைவின் வெளிக்கரையில் பழைய அடிமரங்கள் நிற்கும் இடம்: இந்த மூன்றையும் முதல் நாளில் தேடிக் குறித்துக்கொள்ளுங்கள். வீசுவது இரண்டாம் நாள்.

மூன்று நாளும் வீசிக்கொண்டே இருந்தேன் என்கிறீர்கள். அங்கேதான் நம் வழி பிரிகிறது. அந்த மூன்றில் ஒரு நாளை நான் கோலைத் தொடாமல் படகோட்டுவதற்கே கொடுப்பேன்.

ஜூன் 4, இரவு

விட்டுப்போனது: மெதுவாக ஓட்டுங்கள். அடிமரங்கள் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே நிற்கின்றன, கறுத்த தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது. மோட்டாரின் விசிறியை இழந்து துடுப்புப் போட்டுத் திரும்பியவர்களை ஒவ்வொரு கோடையிலும் பார்க்கிறேன்.

ஜூன் 9, 2024

மிதக்கும் தீவுகள் பற்றிப் பலரும் கேட்டிருக்கிறீர்கள். கதை இல்லை, உண்மை.

தேக்கம் நிரம்பியபோது சதுப்பு நிலங்கள் பல நீருக்குள் போயின. மட்கிய தாவரங்கள் அடிமட்டத்தில் மெத்தையாகக் கிடந்தன. அதற்குள் வாயு சேரச் சேர, பாளம் பாளமாகப் பெயர்ந்து மேலே வந்துவிட்டன. அவற்றின் மேல் பாசி, புதர், பிறகு டமராக் மரங்கள்கூட வளர்ந்தன. காற்று பலமாக அடித்தால் மரத்தோடு சேர்ந்து நகரும். இவற்றுள் பெரியதற்கு ‘நாற்பது ஏக்கர் சதுப்பு’ என்றே பெயர். அது நகர்ந்து வந்து கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் பாலத்தின் வழியை அடைத்துக்கொள்ளும். விடுதிக்காரர்களும் ஊர்க்காரர்களும் படகுகளைத் திரட்டிவந்து, மூக்கை அதன் விளிம்பில் பதித்து, எல்லா மோட்டார்களையும் ஒரே நேரத்தில் முடுக்கித் தள்ளுவார்கள். காற்று துணை நின்றால்தான் அது அசையும்.

மஸ்கிக்கு இது கூரை. விளிம்பின் அடியில் நிழல், வேர்களுக்கிடையில் சிறுமீன். இரையை விளிம்புக்கு ஒரு கையளவு தூரத்தில் விழச் செய்து, விளிம்பை ஒட்டியே இழுத்துவர வேண்டும். ஐந்தடி தள்ளி விழுந்தால் அது வேறு ஊர்.

ஜூன் 16, 2024

மேலே எழுதியதைப் படித்துவிட்டு எல்லாரும் சதுப்பு விளிம்பிலேயே நாளைக் கழிக்கப்போகிறீர்கள் என்று தோன்றுகிறது. ஆகவே இது.

எல்லா மிதவைச் சதுப்பும் சமமல்ல. நேற்று இடம் மாறி வந்தது வெறும் நிழல். அதன் அடியில் இன்னும் எதுவும் குடியேறியிருக்காது. பல காலமாக ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டிருப்பதுதான் வேண்டும். அதிலும் அதன் ஒரு முனை பழைய ஆற்றுத்தடத்தை நோக்கி நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அந்த முனையில் அடிமரமோ பாறையோ இருந்தால் அங்கே நேரம் செலவிடுங்கள். மற்ற முனைகளுக்கு ஆளுக்கு நாலு வீச்சு, பிறகு நகருங்கள்.

கிழக்குப் பக்கத் தண்ணீர் மேற்கைவிடக் கறுப்பு. மேற்கில் செடி அதிகம். இயற்கை ஏரியில் பழகியவர்கள் மேற்கில் தொடங்கினால் கை ஒத்துழைக்கும். எனக்குப் பிடித்தது கிழக்கு. கறுத்த தண்ணீரில் மஸ்கி ஆழமின்றி நிற்கும், பட்டப்பகலிலும் தின்னும். வெளிச்சம் உள்ளே போகாததால் அதற்கு மாலைவரை காத்திருக்கத் தேவையில்லை.

ஜூன் 19, 2024

கருவி பற்றிச் சுருக்கமாக. எட்டரை அல்லது ஒன்பதடிக் கோல். 80 பவுண்டுக்குக் குறையாத பின்னல் நரம்பு, 100 இன்னும் நல்லது. நுனியில் எஃகுக் கம்பி அல்லது தடித்த ஃபுளோரோகார்பன், ஓரடிக்குக் குறையாமல். வெறும் நரம்பில் நேராக இரையைக் கட்டாதீர்கள். அந்தப் பற்கள் ஒரே கடியில் அறுத்துவிடும், மீன் வாயில் முள்ளோடு போகும்.

கனத்த நரம்பு மீனுக்கு அநியாயம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நேர்மாறு. மெல்லிய நரம்பில் நெடுநேரம் போராடவிட்டால் மீன் களைத்துச் சாகிறது. விரைவாகக் கொண்டுவந்து விரைவாக விடுவதற்கே கனத்த நரம்பு.

இரை: கறுத்த தண்ணீருக்கு இரண்டு பெரிய தகடுகள் சுழலும் பக்டெயில், கறுப்பும் ஆரஞ்சும் கலந்தது. நீர் அமைதியாக இருந்தால் மேற்பரப்பில் குதப்பிக்கொண்டு வரும் கட்டை இரை. அந்தப் பக்கத்துக் கிழவர்கள் இன்றும் மரத்தால் ஆன சூயிக்கைத்தான் முதலில் எடுக்கிறார்கள். அதுவும் விஸ்கான்சினிலேயே பிறந்த இரைதான். இழு, நிறுத்து, மெல்ல மேலே எழவிடு. அந்த எழும் கணத்தில்தான் அடி விழும்.

ஜூன் 30, 2024

ஒருவர் படம் போட்டு ‘என் முதல் மஸ்கி’ என்று எழுதியிருக்கிறார். அது பைக், மஸ்கிக்கு உறவுக்கார மீன். அருமையான பைக். வாழ்த்துகள்.

வேறுபாடு தெரிந்துகொள்வது சட்டத்துக்காகவும் அவசியம். மஸ்கிக்கு நீள வரம்பு உண்டு, நாளுக்கு ஒன்றுதான் அனுமதி, ஏரிக்கு ஏரி விதி மாறும். பைக்கின் உடல் கருமை, புள்ளிகள் வெளிர். மஸ்கிக்கு உடல் வெளிர், கோடோ புள்ளியோ கருமை. சில மஸ்கிக்கு ஒன்றுமே இருக்காது. வாலின் நுனிகள் பைக்குக்கு மழுங்கியவை, மஸ்கிக்குக் கூரியவை. இதிலும் ஐயமென்றால் கீழ்த்தாடையைத் திருப்பிப் பாருங்கள். வரிசையாகச் சிறு துளைகள் தெரியும். ஒரு பக்கத்துக்கு ஐந்து அல்லது குறைவு என்றால் பைக், ஆறு முதல் ஒன்பது என்றால் மஸ்கி.

பைக் அதிகமாகும் நீரில் மஸ்கிக்கு நெருக்கடி. பனி உருகியதுமே பைக் முட்டையிட்டுவிடும். மஸ்கி அதற்குச் சில வாரம் பிந்தி, நீர் ஏறக்குறைய 10 முதல் 15 டிகிரி செல்சியஸ் ஆகும்போது, அதே ஆழமற்ற குடாக்களுக்கு வருகிறது. மஸ்கிக் குஞ்சு பொரிக்கும்போது பைக் குஞ்சு அதை விழுங்கும் அளவுக்கு வளர்ந்து நிற்கும். மஸ்கி கூடு கட்டாது, காவல் காக்காது. முட்டையைச் சிதறவிட்டுப் போய்விடும் மீன் இது. ஆகவே நீங்கள் பிடித்த பைக்கை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைப்பதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

ஜூலை 13, 2024

நீரின் வெப்பம் பார்த்தீர்களா? இந்த வாரம் யாரும் மஸ்கிக்குப் போகாதீர்கள்.

இங்கே எல்லாரும் சொல்லும் கணக்கில் 80 டிகிரி பாரன்ஹீட், நம் கணக்கில் 27 செல்சியஸை ஒட்டி. அந்த வெப்பத்தில் தண்ணீரில் உயிர்வளி குறைவு, மீனின் உடலுக்குத் தேவையோ அதிகம். அந்த நிலையில் இரண்டு நிமிடம் போராடவைத்து, படத்துக்காகத் தூக்கிப்பிடித்து, பிறகு நீரில் விட்டால் அது வாலை ஆட்டிக்கொண்டு போகத்தான் செய்யும். நீங்கள் நிம்மதியாகக் கரை திரும்புவீர்கள். மறுநாள் காலை அது வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு நாணலோரம் மிதக்கும். நான் பார்த்திருக்கிறேன். என் கைக்கும் தோளுக்கும் நீண்ட பெட்டை மீன். கண் இன்னும் தெளிவாக இருந்தது. மேல்தாடையின் ஓரத்தில் முள் பட்ட சின்னக் காயம், அதைத் தவிர உடம்பில் ஒரு கீறல் இல்லை. பிடித்தவர் எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் செய்திருக்கிறார், வெப்பமானியைப் பார்ப்பதைத் தவிர.

அந்த அளவுள்ள மீன் பதினைந்து ஆண்டுக்கு மேல் வாழ்ந்திருக்கும். நல்ல மஸ்கி ஏரி என்று பெயர் வாங்கிய இடங்களிலேயே வளர்ந்த மீன் ஏக்கருக்கு ஒன்றுகூட இருப்பதில்லை. ஒரு பெரிய பெட்டை போனால் அந்த இடம் நிரம்ப இன்னொரு பதினைந்து ஆண்டு.

ஜூலை 14, 2024

‘விடுமுறை எடுத்து, விடுதிக்குப் பணம் கட்டிவிட்டேன், இப்போது என்ன செய்வது?’

கிராப்பி பிடியுங்கள். வாலை (walleye) என்ற மீனைப் பிடியுங்கள். சிப்பெவாவில் இரண்டும் நன்றாகவே கிடைக்கும், இரண்டும் சுவையான மீன். பகலில் ஆழமானியோடு சுற்றி ஆற்றுத்தடத்தைக் குறியுங்கள். அந்த வரைபடம் செப்டம்பரில் உங்களுக்குச் சோறு போடும்.

விடியலில் நீர் குளிர்ந்திருக்குமே என்று இன்னொருவர். இரவு முழுதும் காற்றடித்து மழை பெய்திருந்தால் ஓரிரு டிகிரி இறங்கும். மற்றபடி தேக்கத்தின் மேல்நீர் அவ்வளவு எளிதில் ஆறாது. அளந்து பாருங்கள், ஊகிக்காதீர்கள். கிளையாறுகள் வந்து கலக்கும் முகப்பில் சற்றுக் குளிர்ந்த நீர் இருக்கலாம். மஸ்கியும் அங்கே கூடலாம். வெப்பத்துக்கு ஒதுங்கிய மீனை அங்கேயே போய்ப் பிடிப்பது எனக்கு ஒப்பவில்லை. சட்டம் தடுக்கவில்லை, நான் போகமாட்டேன்.

ஆகஸ்ட் 18, 2024

வெப்பம் இறங்கிவிட்டது. நேற்று மாலை கிழக்குப் பக்கம்.

வடமேற்குக் காற்று, மேகம். ஆற்றுத்தடம் ஒரு பாறைத் திட்டைச் சுற்றி வளையும் இடம். ஜூலையில் குறித்துவைத்தது. பக்டெயிலை இழுத்துக்கொண்டுவந்தேன். படகுக்குக் கோல் நீளத் தூரத்தில் இரைக்குப் பின்னால் தண்ணீர் செம்பு நிறமானது. முதலில் அவ்வளவுதான். பிறகு அந்தச் செம்பு நிறத்துக்கு ஒரு தலை முளைத்தது.

இந்த இடத்தில் பலர் இரையைத் தூக்கிவிடுகிறார்கள், அல்லது உறைந்துபோகிறார்கள். மஸ்கி படகைக் கண்டு அஞ்சுவதில்லை. இரை நின்றால்தான் திரும்பிப் போகும். கம்பிக்கும் கோல் நுனிக்கும் இடையே ஓரடி நரம்பு மட்டும் விட்டு, கோலின் நுனியைத் தண்ணீருக்குள் ஆழ அமிழ்த்தி, அகலமாக எட்டுப் போட வேண்டும். வளைவுகள் அகலமாக இருக்க வேண்டும். ஒரு மீட்டருக்கு மேல் நீளமுள்ள உடல் குறுகிய வளைவில் திரும்பாது. முதல் வளைவில் அது இரையைத் தாண்டிப் போனது. இரண்டாவதில் படகுக்கு அடியில் மறைந்தது. போய்விட்டது என்று தோன்றும் அந்த நேரத்தில்தான் நிறுத்தக் கூடாது. மூன்றாவது வளைவில் நான் இரையைச் சற்று மேலே ஏற்றினேன். பக்கவாட்டில் வந்து கவ்வியது. செவுள் விரிந்தபோது உள்ளே இருந்த சிவப்பு தெரிந்தது. கீழ்த்தாடையில் ஒரு பழைய பிளவு ஆறிப்போயிருந்தது. எப்போதோ ஒருவர் பிடித்து விட்ட மீன்.

வலை தண்ணீரிலேயே இருந்தது, மீனும் வலைக்குள் தண்ணீரிலேயே. நீண்ட இடுக்கியால் முள்ளைக் கழற்றினேன். கழலாத ஒன்றை வெட்டுக் குறடால் துண்டித்தேன். அளவுகோலை நீரில் மிதக்கவிட்டு அளந்ததில் 44 அங்குலம். வலையின் ஓரத்தைத் தாழ்த்தி, வால் தண்டைப் பிடித்து நிமிர்த்தி வைத்தேன். சற்று நேரம் அப்படியே நின்றது. பிறகு கையை உதறிக்கொண்டு போனது. சட்டையெல்லாம் நனைந்துவிட்டது.

ஆகஸ்ட் 19, 2024

எல்லா வீச்சின் முடிவிலும் எட்டுப் போட வேண்டுமா என்று கேள்வி. ஆம், எல்லாவற்றிலும். கறுத்த தண்ணீரில் பின்னால் வரும் மீன் உங்கள் கண்ணுக்குத் தெரியாது. தெரிந்தால் போடுகிறேன் என்பவர் கிழக்குப் பக்கத்தில் பாதி மீனை இழக்கிறார்.

வெட்டுக் குறடு பற்றி: வலுவான மும்முள்ளையும் ஒரே அழுத்தில் வெட்டும் அளவுக்கு வாங்குங்கள். முள்ளின் விலை சில டாலர். தவிர, முள் ஒரு நாள் உங்கள் கையிலும் ஏறும். மீன் துள்ளும்போது ஒரு முனை அதன் வாயிலும் மறுமுனை உங்கள் விரலிலும் இருந்தால், வெட்டுக் குறடு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். படகின் அறைக்குள் பூட்டிவைத்திருப்பவர்கள் உடனே எடுத்து வெளியே வையுங்கள்.

செப்டம்பர் 8, 2024

மஸ்கி வாலை மீன்களையெல்லாம் தின்று அழிக்கிறது, ஆகவே குறைக்க வேண்டும் என்று ஒரு நீண்ட பதில் வந்திருக்கிறது. இதை வடக்கு விஸ்கான்சினின் எந்த மதுக்கடையிலும் கேட்கலாம். வடக்கு விஸ்கான்சின் ஏரிகளில் மஸ்கிகளின் இரைப்பையை ஆய்வாளர்கள் ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். உள்ளே இருந்தவற்றில் முதன்மையானவை மஞ்சள் பெர்ச்சும் சக்கர் மீனும். வாலை மிகச் சொற்பம். சக்கர் கொழுத்த மீன், மெதுவானது, முள்ளந்துடுப்பு இல்லை. மஸ்கியின் இடத்தில் இருந்தால் நீங்களும் அதைத்தான் தேர்ந்தெடுப்பீர்கள்.

வாலை குறைவதற்கு வேறு காரணங்களைத் தேடுங்கள். பழியை மஸ்கியின் மேல் போட்டால் ஒரு காலத்தில் போலத் தலையில் அடித்துக் கரையில் எறியத் தொடங்குவார்கள்.

செப்டம்பர் 22, 2024

உலகச் சாதனை மீன் பற்றி விவாதம் சூடாகிவிட்டதால் தெரிந்ததை வரிசையாக வைக்கிறேன்.

1949ல் ஹேவர்டைச் சுற்றியே இரண்டு மீன்கள். ஜூலை 24 அன்று லாக் கூர்ட் ஒரெய் ஏரியில் கால் ஜான்சன் பிடித்தது 67 பவுண்டு 8 அவுன்ஸ். அதே ஆண்டு அக்டோபர் 20 அன்று நம் சிப்பெவா நீர்த்தேக்கத்தில் லூயி ஸ்ப்ரே பிடித்தது 69 பவுண்டு 11 அவுன்ஸ், நீளம் 63.5 அங்குலம். பிறகு 1957ல் செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் ஆர்தர் லாட்டன் 69 பவுண்டு 15 அவுன்ஸ் என்று அறிவித்தார். 1992ல் அந்தச் சாதனை தள்ளுபடியானது. இன்று பன்னாட்டு விளையாட்டு மீன்பிடிச் சங்கம் ஏற்பது ஜான்சனின் மீனை. ஹேவர்டில் இருக்கும் நன்னீர் மீன்பிடிப் புகழ்மண்டபம் ஏற்பது ஸ்ப்ரேயின் மீனை. 2005ல் ஒரு குழு ஸ்ப்ரேயின் பழைய படங்களை அளந்து, மீன் சொல்லப்பட்ட அளவுக்கு இல்லை என்று முறையிட்டது. மண்டபம் அதை ஏற்கவில்லை.

என் கருத்து: அந்தப் படங்களைப் பார்க்கும்போது எனக்கும் ஐயம் வருகிறது. ஆனால் ஸ்ப்ரேயையும் ஜான்சனையும் பொய்யர் என்று இங்கே எழுதாதீர்கள். அவர்கள் பதில் சொல்ல முடியாத இடத்தில் இருக்கிறார்கள். ஸ்ப்ரேயின் பதம்செய்த மீன் 1959ல் தீயில் போய்விட்டது.

செப்டம்பர் 23, 2024

அந்த மண்டபத்துக்குக் குழந்தைகளை அழைத்துப்போகலாமா? கட்டாயம். 143 அடி நீளமுள்ள கண்ணாடியிழை மஸ்கி ஒன்று இருக்கிறது. வயிற்றுக்குள் ஏறிப்போய்க் கீழ்த்தாடையின் பற்களுக்கிடையில் நின்று ஊரைப் பார்க்கலாம். ஹேவர்டில் எந்தப் பருவத்தில் போனாலும் வாயைத் திறந்து காத்திருக்கும் மஸ்கி அது ஒன்றுதான்.

அக்டோபர் 14, 2024

மீனை விட்டு விலகி ஒன்று எழுதுகிறேன். ஆற்றுத்தடத்தைக் குறியுங்கள் என்று ஜூனிலிருந்து சொல்லிவருகிறேன். அந்தத் தடத்தின் கரையில் யார் இருந்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அணைக்கு முன்பு அங்கே பாக்வாவாங் என்ற ஊர் இருந்தது. வெள்ளையர் வைத்த பெயர் போஸ்ட். லாக் கூர்ட் ஒரெய் ஒஜிப்வே என்ற பழங்குடி மக்களின் ஊர். ஆழமற்ற நீரில் காட்டரிசி விளைந்தது. அதுதான் அவர்களின் உணவும் சடங்கும். மின் நிறுவனம் அணை கட்டக் கேட்டபோது அவர்கள் மறுத்தார்கள். கூட்டரசின் மின்சக்தி ஆணையம் 1921ல் அவர்களின் எதிர்ப்பை மீறி உரிமம் கொடுத்தது. 1923ல் தண்ணீர் ஏறியது. வீடுகள், காட்டரிசி வயல்கள், இடம் மாற்றப்படாத கல்லறைகள் எல்லாம் அடியில் போயின. ஐம்பதாண்டு உரிமம் முடியும் தறுவாயில், 1971ல், அந்த மக்களும், அமெரிக்கப் பழங்குடியினரின் உரிமைக்காகப் போராடிய அமெரிக்க இந்திய இயக்கத்தினரும் சேர்ந்து விண்டர் அணையிலேயே போய் உட்கார்ந்தார்கள்.

இன்னொன்று. 1974ல் ட்ரிபிள் சகோதரர்கள் என்ற இரண்டு ஒஜிப்வே இளைஞர்கள் சீஃப் ஏரியில் பனியில் துளையிட்டு ஈட்டியால் மீன் பிடித்தார்கள். சீஃப் ஏரி இன்று நீர்த்தேக்கத்தின் ஒரு பகுதி. தங்கள் ஒதுக்கீட்டு நிலத்தின் எல்லைக்கு வெளியே, தெரிந்தே, 19ஆம் நூற்றாண்டு உடன்படிக்கைகளின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு. கைது செய்யப்பட்டார்கள். அந்த வழக்கில்தான் 1983ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், விட்டுக்கொடுத்த நிலத்திலும் வேட்டையாடவும் மீன்பிடிக்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. பிறகு வந்த வசந்த காலங்களில் படகுத்துறைகளில் கூடி அவர்கள்மேல் கல்லெறிந்தவர்களில் பலர் தூண்டில்காரர்கள்.

ஆகவே ‘ஈட்டிக்காரர்களால்தான் மீன் இல்லை’ என்று ஆகஸ்டில் எழுதியவருக்கு: நீங்கள் வாடகைப் படகில் மிதக்கும் தண்ணீருக்கு அடியில் இருப்பது அவர்களின் பாட்டனின் வீடு. இந்த வரியை நான் திருத்தமாட்டேன்.

அக்டோபர் 15, 2024

‘அப்படியென்றால் அங்கே மீன்பிடிக்கவே கூடாதா?’ அப்படி நான் சொல்லவில்லை. பிடியுங்கள். ஆழமானித் திரையில் அந்தத் தடத்தைப் பார்க்கும்போது தெரிந்து பாருங்கள். காட்டரிசி வளர்ந்து நிற்கும் குடாக்களில் படகை ஏற்றி ஓட்டாதீர்கள்.

நவம்பர் 3, 2024

நீர் குளிர்ந்து மஸ்கி கொழுக்கும் பருவம். உயிருள்ள சக்கர் மீனை இரையாகத் தொங்கவிடுகிறார்கள். இதில் ஒரே ஒரு விஷயத்துக்காக மன்றாடுகிறேன்.

பழைய முறையில் சக்கரின் மூக்கில் ஒரு பெரிய ஒற்றை முள்ளைக் குத்தி, மஸ்கி கவ்விய பிறகு அது விழுங்கும்வரை காத்திருப்பார்கள். கால் மணி, அரை மணி. முள் இரைப்பைக்குள் இறங்கிவிடும். நரம்பை வெட்டி விட்டால் மீன் நன்றாகவே நீந்திப் போகும். அப்படி விட்ட மீன்களை விஸ்கான்சினில் கண்காணித்துப் பார்த்தபோது பெரும்பாலானவை ஓராண்டுக்குள் செத்துப்போயின. அந்த முள்ளைத் தொடாதீர்கள்.

சக்கரின் பக்கவாட்டில் இரண்டு மும்முள்ளைப் பதித்த, கடித்ததும் இழுக்கும் கட்டு கடையில் கிடைக்கும். மஸ்கி கவ்வியதும் படகை அதன் பக்கம் கொண்டுபோய், நரம்பை இறுக்கி, உடனே ஓங்கி இழுக்க வேண்டும். முள் தாடையில் ஏறும். சக்கர் பிய்ந்து பறக்கும். சில மீன் தப்பும். தப்பட்டும்.

நவம்பர் 10, 2024

கோலின் வளையங்களில் பனி கட்டிக்கொள்கிறது என்ற புகாருக்கு: இரண்டு வீச்சுக்கு ஒருமுறை நுனியை நீரில் முக்கி உலுக்குங்கள். எண்ணெய் தடவுவது கொஞ்ச நேரம் தாங்கும். கைகளை வெற்றாக வைக்காதீர்கள். ஆனால் மீனைத் தொடும்போது கம்பளிக் கையுறை வேண்டாம், மேல்வழுவழுப்பை உரித்துவிடும். உறைநிலைக்குக் கீழே காற்று இருந்தால் மீனை நீருக்கு மேலே எடுக்கவே எடுக்காதீர்கள். செவுளும் கண்ணும் நொடிகளில் உறைந்து புண்ணாகும்.

நவம்பர் 17, 2024

ஜூனில் கேள்வி கேட்டவர் நேற்று 49 அங்குலப் பெட்டையைப் பிடித்து விட்டிருக்கிறார். ஆற்றுவளைவின் வெளிக்கரையில், அடிமரங்களை ஒட்டி. படம் பார்த்தேன், கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. விலா முழுக்கப் பொன்னும் பழுப்பும். சுவரில் மாட்ட ஆசை, ஆனால் விட்டுவிட்டேனே என்கிறார்.

கவலை வேண்டாம். மீனைக் கொன்று தோலைப் பதம்செய்யும் காலம் போய்விட்டது. கண்ணாடியிழையில் அதே அளவில் வார்த்து, உங்கள் படத்தைப் பார்த்து வண்ணம் தீட்டித் தருகிறார்கள். அவர்களுக்குத் தேவை நீளம், சுற்றளவு, இரண்டு பக்கப் படங்கள். நீளத்தை மூடிய வாயின் நுனியிலிருந்து வாலை ஒன்றுசேர்த்துப் பிடித்து நேர்கோட்டில் எடுக்க வேண்டும், வயிற்றின் வளைவோடு நாடாவை ஓடவிடக் கூடாது. சுற்றளவை உடல் மிகப் பருத்த இடத்தில் எடுங்கள். சுற்றளவு எடுக்கவில்லை என்றால் பரவாயில்லை, படத்தில் உங்கள் கை பக்கத்தில் இருக்கிறது. உங்கள் உள்ளங்கையின் அகலத்தை அளந்து அவர்களுக்கு அனுப்புங்கள்.